யாரென்று கேட்காத சார்ஜென்ட்

ஒரு காரியம் கெட்டுப்போனால் நம் ஆட்கள் முதலில் கேட்பது "யாரு செஞ்சது?" என்பதைத்தான். தண்ணீர்க்குழாய் உடைந்தாலும் அதே கேள்வி, பேசி முடித்த கல்யாணம் முறிந்தாலும் அதே கேள்வி. அதை வாயில் எடுக்காத ஒரே ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். வருஷத்துக்குப் பத்து நாள் வீதம் நாலு வருஷம் பார்த்தேன். மொத்தம் நாற்பது நாள். நாற்பது நாளில் ஒருவரைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்று கேட்பீர்கள். இவரைப் பற்றிச் சொல்ல அது போதும். அவருடைய அந்தக் குணத்தால் நல்லதும் நடந்தது, ஒரு பெண்பிள்ளையின் வெளிநாட்டுப் பயணம் கெட்டுப்போகவும் பார்த்தது. கெடுக்க இருந்தவள் நான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏர்விங் பிள்ளைகளுக்கு முகாம் நடக்கும். படித்துக்கொண்டே விமானப்படைப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள். பையன்களும் பெண்பிள்ளைகளுமாக இருநூறு பேர் வருவார்கள். சமையல் காண்ட்ராக்ட் எடுத்த அண்ணாச்சியிடம் நான் வேலைக்கு இருந்தேன். இட்லி, உப்புமா, சாம்பார் என் பொறுப்பு. பயிற்சி கொடுக்க வந்த விமானப்படை சார்ஜென்ட்தான் நான் சொல்லுகிற ஆள். கேரளத்தில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கத்து மனிதர். புளியறை வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஐம்பது வயதிருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருப்பார். நடக்கும்போது தரையைப் பார்த்தே நடப்பார், ஏதோ கீழே விழுந்த சாமானைத் தேடுகிறவர் மாதிரி. ஆணியோ கம்பியோ கிடந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். விமானம் ஓடுகிற பாதையில் ஒரு ஆணி கிடந்தால் போதுமாம், எல்லாம் போய்விடுமாம்.

தமிழ் நன்றாகப் பேசுவார். அவசரத்தில் மட்டும் மலையாளம் வந்துவிடும். ஏதாவது கெட்டுப்போனால் "எந்து பற்றி?" என்பார். என்ன ஆச்சு என்று அர்த்தம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேரே எந்துபற்றி சார். ஒரு நாள் வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் குனிந்துகொண்டான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓ" என்று பதில் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டார்.

நான் முதலில் அவரைக் கிட்டத்தில் பார்த்தது உப்பினால். முதல் வருஷம் மூன்றாம் நாள் காலையில் உப்புமா. ஒரு வாய் வைத்த பிள்ளைகள் அத்தனை பேரும் தட்டைத் தள்ளிவிட்டார்கள். ரெண்டு மடங்கு உப்பு. அண்ணாச்சி அடுப்படியில் நின்று கத்தினார்.

"ஏட்டி, எவ உப்பு போட்டது? இருநூறு பேரு பட்டினியா கிடக்கான், எவ போட்டது?"

அப்போதுதான் சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "எந்து பற்றி?" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "இவுகதான் சார், உப்புமா இவுக கைதான்."

அவர் அந்த விரல் போன பக்கம் பார்க்கவே இல்லை. அண்டாவைப் பார்த்தார். "உப்பு எப்போ போடும்?" என்று அண்டாவிடம் கேட்பது போலக் கேட்டார். "தண்ணி கொதிக்கையில" என்று நான் சுவரிடம் சொன்னேன். எனக்கு ஆண்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. "போட்டுட்டு அப்புறம்?" "பாலை இறக்கப் போனேன்." "அந்த நேரம் அடுப்புகிட்ட ஆள் உண்டா?" நான் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு கை உப்பை அள்ளிப் போடுகிற பழக்கம் அண்ணாச்சிக்குத்தான் உண்டு. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். சார்ஜென்டுக்கும் அந்த நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அவர் அண்ணாச்சி முகத்தையும் பார்க்கவில்லை.

வெளியே போய் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து எடுத்து வந்தார். "விமானம் நிக்கும்போது சில இடத்துல ஊசி மாதிரி ஒண்ணு சொருகி வைப்போம் சேச்சி. பறக்கும் முன்னாடி அதை உருவணும். மறந்துடக் கூடாதுன்னு அதுல சிவப்பு நாடா தொங்கும். இனி உப்பு போட்டா அண்டாக் காதுல இதைக் கட்டு. துணி இருந்தா உப்பு இருக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் அடுப்படியில் உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அண்ணாச்சிக்குத்தான் பொறுக்கவில்லை. "திட்டியிருந்தாக்கூட பரவால்ல. இந்தாளு துணியைக் கட்டிட்டுப் போறாரு" என்று மத்தியானம் வரைக்கும் முனங்கினார்.

பிறகு ஒரு நாள் டீ குடிக்கையில் அவரிடமே கேட்டுவிட்டார். "சார், ஆளைப் பிடிக்காம விட்டா நாளைக்கும் அதையேதான செய்வான்?"

"ஆளைப் பிடிச்சா நாளைக்கு ஒளிப்பான் அண்ணாச்சி. தரையில ஒளிச்சது எனக்கு வானத்துல போய்த்தான் தெரியும்."

அந்த முதல் வருஷமே இன்னொரு காரியமும் நடந்தது. முகாம் வைக்கிறது சாரல் காலத்தில். அருவியில் தண்ணீர் விழுகிற மாதமாகப் பார்த்து யாரோ மேலதிகாரி தேதி குறித்திருப்பார். அருவி நன்றாகத்தான் இருக்கும். துணிதான் காயாது. காலை ஓட்டத்தில் நனைந்த சாக்ஸ் மறுநாள் காலையிலும் நனைந்தே இருக்கும். ஈரச் சாக்ஸைப் போட்டுப் போட்டுப் பிள்ளைகளின் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிற்று. ஒரு பெண்பிள்ளை செருப்பில்லாமல் நொண்டிக்கொண்டு காப்பி வாங்க வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சாக்ஸை வாங்கி விறகடுப்புக்கு மேலே ஒரு கம்பில் போட்டேன். அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி காய்ந்துவிட்டது. மறுநாள் இருபது ஜோடி வந்தது, அதற்கு மறுநாள் நூறு. கம்பு போதவில்லை. சார்ஜென்ட் வந்து பார்த்தார். "கொள்ளாம் சேச்சி" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவரே நாற்காலி போட்டு ஏறி, அடுப்புக்கு மேலே சுவருக்குச் சுவர் ஆணி அடித்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். அன்றையிலிருந்து நான் சாக்ஸ் ஆச்சி.

இப்படி எழுதுவதால் அவர் செய்ததெல்லாம் எனக்குப் பிடித்தது என்று நினைக்க வேண்டாம். ரெண்டாம் வருஷம் ஒரு பையன் படியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். வரிசைக்கு நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று ஒரு வாத்தியார் விரட்டியிருந்தார். படியில் பாசி. ஆலங்குளத்திலிருந்து பையனின் அப்பா மத்தியானமே வந்து நின்றார்.

"எம் பையனை ஓடச் சொன்னவன் எவன்? அவனை முன்னால வரச் சொல்லும்."

"படியில பாசி இருந்துச்சு. காலையிலயே சுரண்டிட்டு சாம்பல் போட்டாச்சு. இனி இந்தப் படியில ஓட்டம் கிடையாது" என்றார் சார்ஜென்ட்.

"எனக்குப் பாசி வேண்டாம்வே, பேரு வேணும்."

"பேரு தர மாட்டேன்."

அந்த மனிதர் சார்ஜென்டின் சட்டையைப் பிடித்துவிட்டார். சார்ஜென்ட் அசையவில்லை. ரெண்டு பேர் வந்து விலக்க வேண்டியதாயிற்று. விரட்டிய வாத்தியார் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். உள்ளே என் எதிரில் உட்கார்ந்து இரண்டாம் தடவை ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். கரண்டியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது எனக்கு. அடி வாங்குகிறது ஒருவர், ரசம் குடிக்கிறது இன்னொருவரா? அன்றைக்கு எனக்குச் சார்ஜென்ட் மேலும் கோபம்தான். பையனைப் பெற்றவனுக்கு ஒரு பேர் கேட்கவும் உரிமை இல்லையா என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பின் மூன்று வருஷம் அந்தப் படியில் ஒருத்தரும் விழவில்லை என்பதும் உண்மை.

நாலாம் வருஷம் முகாமுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கஜகஸ்தான் என்று ஒரு தேசம். அந்தப் பேர் என் வாயில் படிய ரெண்டு நாளாயிற்று. அங்கே உள்ள ஏர்விங் பிள்ளைகள் இங்கே வந்து தங்குவார்கள். நம் பிள்ளைகள் சிலர் பிறகு அங்கே போய்த் தங்குவார்கள். அந்த முகாமிலிருந்து ரெண்டே பேர், ஒரு பையனும் ஒரு பெண்ணும், போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

வந்த முதல் நாள் மத்தியானமே ஒரு வெளிநாட்டுப் பையன் தயிர்சாதத்துக்கு வைத்த மோர்மிளகாயை ஏதோ வறுத்த காய் என்று நினைத்து மூன்றை ஒன்றாக வாயில் போட்டுக் கடித்துவிட்டான். முகம் பழுத்த தக்காளியாகிவிட்டது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர். பரிமாறியவனை ஒருவர் திட்ட, அவன் என்னைக் கைகாட்ட, நான் மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் ஒளிய, சார்ஜென்ட் மட்டும் ஒரு டம்ளர் மோரைப் பையன் கையில் கொடுத்துவிட்டு "எந்து பற்றி?" என்று அவனிடமே கேட்டார். பையன் வாயைத் திறந்து காட்டினான். சாயங்காலம் மோர்மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை இருந்தது. அதில் எழுத்து ஒன்றும் இல்லை. வாயிலிருந்து தீ வருகிற ஒரு மனுஷன் படம். சார்ஜென்ட் வரைந்தது. மூக்கு மட்டும் அண்ணாச்சி மூக்கு மாதிரி இருந்தது. வேண்டுமென்று வரைந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

இனி ஜமீலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடகரைப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா சவூதியில். முதல் வருஷம் செருப்பில்லாமல் நொண்டிக்கொண்டு வந்த பிள்ளை அவள்தான். நாலு வருஷமும் முகாமுக்கு வந்தாள். என்னிடம் மட்டும் ஓயாமல் பேசுவாள். நான் பதில் பேசாதது அவளுக்கு வசதி.

"ஆச்சி, வாப்பா போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? செலக்ட் ஆனா அந்த நாட்டுக்குப் போய்ட்டு வா, நான் தடுக்க மாட்டேன். ஆகலைன்னா இந்த வருஷத்தோட யூனிஃபார்மைக் கழட்டி வச்சிரணும், முகாம் கிகாம் ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. நான் பைலட் ஆகணும் ஆச்சி. சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை.

ஆள் எடுப்பதற்கு நேர்முகம், அணிவகுப்பு எல்லாம் முடிந்து கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பிள்ளைகள் தாங்களே செய்த சின்ன விமானத்தை விருந்தாளிகள் முன்னால் பறக்கவிட வேண்டும். தக்கையைவிட லேசான கட்டையில் எலும்பு மாதிரிச் செய்து, மேலே மெல்லிய காகிதம் ஒட்டி, ஒரு மருந்து பூசுவார்கள். சின்ன இன்ஜின் இருக்கும். ரெண்டு மெல்லிய கம்பி கட்டி, பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்று சுற்றினால், அது நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். ஜமீலா அதை ரெண்டு மாதம் செய்தாளாம். இறக்கையைத் தனியாகக் கழற்றி வைக்கலாம்.

பறக்கவிடுவதற்கு முதல் நாள் மத்தியானம் நல்ல சாரல். ஸ்டோர் ரூம் பொறுப்பு அன்றைக்கு ஜமீலாவுக்கு. மழையில் கதவு உப்பி, தாழ்ப்பாள் விழாமல் சும்மா சாத்தி இருந்தது. பிள்ளைகள் எல்லாம் கிரவுண்டில். நான் அரிசி எடுக்க அந்தப் பக்கம் போனேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, மேஜை மேல் இருந்த ரெண்டு இறக்கையிலும் முத்து முத்தாகத் தண்ணீர். அவளுடையது என்று எனக்குத் தெரியும், நட்சத்திரம் ஒட்டிக் காட்டியிருந்தாள். ஐயோ, நாளைக்குப் பறக்க வேண்டிய சாமான் நனைந்து போச்சே என்று நினைத்தேன். நாலு வருஷமாகப் பிள்ளைகளின் ஈரத்தையெல்லாம் காயவைக்கிறவள் நான். வேறு என்ன செய்வேன்? ரெண்டையும் சேலைத் தலைப்பில் மூடிக் கொண்டுவந்து சாக்ஸ் கயிற்றில் வைத்தேன்.

பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் இறக்கை ரெண்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சாக்ஸ் காய்ந்தால் சாக்ஸ்தான். இது சூடு பட்டு, ஒரு நுனி மேலே பார்க்க ஒரு நுனி கீழே பார்க்க, திருகிப்போயிருந்தது. கையால் அமுக்கிப் பார்த்தேன். விட்டவுடன் திரும்பத் திருகிக்கொண்டது. நான் செய்த தப்பில் முதல் பாதி அறியாமல் செய்தது. ரெண்டாம் பாதி அறிந்தே செய்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இறக்கைகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

டீ நேரத்தில் ஜமீலா அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சார்ஜென்ட் ஒரு இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்தார். நான் தாளித்த வாசனை அதில் இருந்திருக்கும். இருக்காதா?

"இறக்கையில சூடு தட்டியிருக்கு. எந்து பற்றி சேச்சி?"

"டீ ரெடியா இருக்கு சார்" என்றேன்.

அவர் நின்றார். நான் டீயை ஆற்றினேன். ஒரு தடவைக்கு நாலு தடவை ஆற்றினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். என் பக்கம் பார்க்காமல் அண்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதைத்தான் நான் அவர் மேல் ஒரு குறையாகச் சொல்வேன். "நீங்கதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் "ஆமா" என்று சொல்லியிருப்பேன். வாய் உள்ளவர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். என்னைப் போல வாயில்லாதவர்களிடம் கேட்க வேண்டும். கேட்டால்தான் எங்களுக்குக் கதவு திறக்கும். அன்றைக்குப் பஸ்ஸில் வீடு வருகிற வரைக்கும் அவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். என்னைத் திட்டிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை இட்லி முடிந்த பிறகு முகாம் தலைவரான பெரிய ஆபீசர் சாப்பாட்டு அறையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார். சார்ஜென்ட் முன்னால் நின்றார். ஜமீலா ஒரு ஓரத்தில் விறைப்பாக நின்றாள். பரிமாறுகிற ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது.

"இறக்கை சூட்டுல முறுக்கிக்கிச்சுன்னு ரிப்போர்ட் எழுதியிருக்கீங்க. அது தானா எந்திரிச்சுப் போய் அடுப்புல உக்காந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்ப யாரு?"

"சூடு எப்படிப் பட்டிருக்கும்னு எழுதியிருக்கேன் சார். இனிமே படாம இருக்க என்ன செய்யணும்னும் எழுதியிருக்கேன்."

"எனக்குப் பேரு வேணும் சார்ஜென்ட். வெளிநாட்டுக்கு அனுப்பப்போற பிள்ளை. தன் சாமானையே பாத்துக்கத் தெரியாதவளை எந்த நம்பிக்கையில அனுப்புறது? நீங்க பேரு சொல்லலைன்னா ஸ்டோர் பொறுப்பு யாரோ அவ பேருதான். லிஸ்ட்ல அவளை அடிச்சிடுவேன்."

என் பேர் சார்ஜென்டுக்குத் தெரியும், சொல்லவில்லை. ஜமீலாவைக் காப்பாற்றவும் அவரால் முடியவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்தேன். ஆபீசர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

நான் எப்படி அந்த வாசலைத் தாண்டினேன் என்று தெரியாது. கையில் சாம்பார்க் கரண்டி இருந்தது. அது மேஜைக்குக் கிட்ட வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"நான்தான்யா" என்றேன். "சாரல்ல நனைஞ்சிருந்துச்சு. காயட்டும்னு அடுப்புக்கு மேல வச்சேன். முறுக்கிக்கிடுச்சு. பயந்து போய்த் திரும்ப வச்சிட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

"சமையல் ஆளுக்கு ஸ்டோர் ரூம்ல என்ன வேலை?" என்று ஆபீசர் கேட்டார். எனக்குப் பின்னால் அண்ணாச்சி எங்கிருந்தோ முளைத்து, "நாளையில இருந்து இவுக வர மாட்டாக சார், நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அப்போது சார்ஜென்ட் ஒரு அடி முன்னால் வந்தார். "சார், அந்த அடுப்புக்கு மேல ஆணி அடிச்சுக் கயிறு கட்டிக் கொடுத்தது நான். நல்லா இருக்குன்னு சொன்னதும் நான். ஸ்டோர் தாழ்ப்பாள் விழலைன்னு முந்தாநாளே எனக்குத் தெரியும், சரி பண்ணாம விட்டதும் நான். உங்களுக்குப் பேரு வேணும்னா எழுதிக்கோங்க." தன் நம்பரைச் சொன்னார், பதவியைச் சொன்னார், பேரைச் சொன்னார். விறைப்பாக நின்று, அணிவகுப்பில் சொல்வது போலச் சொன்னார். ஆபீசர் அதை எழுதிக்கொண்டார். ஜமீலா பேரை அடிக்கவில்லை. "பத்து மணிக்குப் பறக்கணும். பறந்தா பார்க்கலாம்" என்றார்.

மணி எட்டே முக்கால். சார்ஜென்ட் என்னிடம் திரும்பினார். "சேச்சி, ஆவி உண்டா?"

எனக்குப் புரியவில்லை. "இட்லிப் பானை, இட்லிப் பானை" என்றார். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி அடுப்பைத் தூண்டினேன். சூட்டில் திருகின கட்டையை ஆவியில் காட்டினால் இளகுமாம். இளகினவுடன் எதிர்ப்பக்கமாகத் திருகி, ஆறுகிற வரைக்கும் விடாமல் பிடிக்க வேண்டுமாம். ஒரு நுனியை ஜமீலா பிடித்தாள், ஒரு நுனியை நான் பிடித்தேன். சார்ஜென்ட் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோணல் பார்த்தார். என் விரல் வெந்தது. விடவில்லை.

"நேத்து டீ நேரத்துலயே சொல்லியிருந்தா ரெண்டு இறக்கையும் நேராயிருக்குமா சார்?" என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆயிருக்கும்." அப்புறம் இறக்கையைப் பார்த்தபடியே சொன்னார். "நேத்து நானும் கேட்டிருக்கணும், சேச்சிதானான்னு. கேட்கலை. கேட்காம இருக்கிறது எனக்கு ஒரு பெருமை மாதிரி ஆயிப்போச்சு."

"ஆமா" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜமீலா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஒரு இறக்கை நேராயிற்று. இன்னொன்றில் நுனியில் கொஞ்சம் கோணல் மிச்சம் இருந்தது. நேரம் இல்லை, அப்படியே மாட்டினார்கள். அத்தனை வருஷத்தில் நான் அந்தப் பிள்ளைகளின் விமானம் பறந்து பார்த்ததில்லை. அன்றைக்கு அடுப்படியை அப்படியே போட்டுவிட்டு வேலியோரம் போய் நின்றேன். விருந்தாளிப் பிள்ளைகள் குடை பிடித்து நின்றார்கள். இன்ஜின் குளவி மாதிரி இரைந்தது. விமானம் எழும்பியது. எழும்பின உடனே உள்பக்கமாகச் சாய்ந்தது, கம்பி தொய்ந்தது. பக்கத்தில் யாரோ "போச்சு" என்றார்கள். ஜமீலா பிடியை மார்போடு இழுத்துக்கொண்டு, ரெண்டு எட்டு பின்னால் போய், உடம்பு முழுவதையும் சாய்த்தாள். கம்பி இறுகியது. அப்படிச் சாய்ந்தபடியே சுற்றினாள். கோணலாகத்தான் பறந்தது, நொண்டிக் காக்காய் மாதிரி. ஒன்பது சுற்று எண்ணினேன். எண்ணெய் தீர்ந்து புல்லில் இறங்கி ஒரு குட்டிக்கரணம் போட்டது. மோர்மிளகாய் தின்ற பையன்தான் முதலில் கை தட்டினான்.

"கோணல் இறக்கையை வச்சுப் பறக்கத் தெரிஞ்சவ" என்று ஆபீசர் யாரிடமோ சொன்னதாக அண்ணாச்சி வந்து சொன்னார். ஆடி முடிவதற்குள் ஜமீலாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. "இதுல எல்லாம் முத்திரை விழும் ஆச்சி" என்றாள். பதினைந்து நாள் போய்விட்டு வந்தாள். யூனிஃபார்மைக் கழற்று என்று அவள் வாப்பா பிறகு சொல்லவில்லை.

அண்ணாச்சி என்னை நிறுத்தவில்லை. நிறுத்தத்தான் நினைத்தார், இட்லிக்கு ஆள் கிடைக்கவில்லை.

சார்ஜென்ட் அடுத்த வருஷம் வரவில்லை. எழுதிக்கொண்ட பேர் எங்கெங்கே போயிற்றோ, இந்தப் பக்கத்து முகாமுக்கு அவரை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வேறு ஒருவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், சத்தம் அதிகம். ரெண்டாம் நாள் காலையிலேயே பால் திரிந்துவிட்டது. அவர் வாசலிலிருந்தே, "யாரு பாலைக் காய்ச்சினது? யாருன்னு கேக்கேன்!" என்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பெண்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்கள். அண்ணாச்சி விரலை நீட்டுவதற்கு முன்னால் நான் அந்தப் புது ஆள் எதிரில் போய் நின்றேன்.

"நான்தான் சார். நேத்து மோர் வச்ச அண்டாவைச் சரியாக் கழுவாம அதுலயே பாலை ஊத்திட்டேன். இனிமே பால் அண்டா வேற, மோர் அண்டா வேறன்னு பிரிச்சு வச்சாச்சு. பத்து நிமிஷத்துல வரக்காப்பி தாறேன்."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.